ஜன்னலில் இரண்டு மைக்

நர்ஸம்மா,

டியூட்டி முடிந்து பசியோடு வருவாய். உருளைக்கிழங்கு வறுத்து மூடி வைத்திருக்கிறேன். ஆனால் முதலில் ஃபேனை நிறுத்திவிட்டு என் மேஜையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டு.

நேற்று நீ தூசி துடைத்ததில், மைக் சத்தத்தைக் கூட்டும் கெயின் குமிழ் கடைசிவரை திரும்பிவிட்டது. "இனிமே இரைச்சலைத் தவிர ஒண்ணும் கேக்காது" என்று தாம்தூம் என்று குதித்தேன். அந்தக் கோபத்திலேயே ஜன்னல் புறாக்கூட்டை எடுத்துவிட்டு வலை அடிக்கச் சொல்லி ஆளுக்கும் போன் செய்தேன். நீ நைட் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாய்.

காலையில் கெயினைக் குறைக்கப் போனேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை, ஆனால் சத்தத்தின் அளவு காட்டும் மீட்டரில் பச்சை விளக்கு துள்ளுகிறது. மழைச் சத்தம் பிடிக்க ஜன்னலில் வைத்த இரண்டு மைக்கும் கூட்டைக் கேட்டுக்கொண்டிருந்தன. ஹெட்போனை மாட்டினால், முட்டைக்குள்ளிருந்து டொக், டொக். நடுவே நூல் மாதிரி ஒரு கீச்சு. இருபது வருடமாக மைக் பிடிக்கிறேன், இன்னும் பிறக்காத ஒன்றின் குரலைக் கேட்டதில்லை.

வலைக்காரர் பத்து மணிக்கு வருவார். போனை எடுக்க மாட்டேன் என்கிறார், நானோ வேலைக்குக் கிளம்ப வேண்டும். காலிங் பெல்லை அடிக்கவிடாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடு.

கெயினை நான் தொடவில்லை. நீ வைத்தபடியே இருக்கிறது.

பி.கு.: தாய்ப்புறா எழுந்த நேரம் பார்த்து, இரண்டு முட்டைக்கும் பக்கத்தில் ஆளுக்கொரு மைக் நகர்த்தி வைத்தேன். இடது காதில் மட்டும்தான் சத்தம். கிளம்பப் போனவன் மனசு கேட்காமல், போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி கேட்டேன். இப்போது வலது காதிலும் தட்டுகிறது.