அண்ணியின் கம்ப்யூட்டரும் என் பிளேடும்

மார்ச் 3

அண்ணியின் தையல் கடைக் கம்ப்யூட்டரை இன்று திறந்து சுத்தம் செய்தேன். உள்ளே இருந்த தூசியில் ஒரு தலையணை தேறும். எம்பிராய்டரி மெஷின் இந்தக் கிழட்டுப் பெட்டி சொன்னால்தான் கேட்கும். டிசைன்கள் எல்லாம் இதன் ஹார்ட் டிஸ்கில். டிஸ்கின் பட்டைக் கேபிள் அகலமாகக் குறுக்கே கிடந்து காற்றை மறித்தது. கம்ப்யூட்டர் பிரியர்களின் ஆன்லைன் குழுவில் பெரிய கைகள் செய்வது போலவே, பிளேடால் நீளவாக்கில் கிழித்து, கற்றையாக்கி, கறுப்பு டேப் சுற்றினேன். பாம்பு மாதிரி வழவழவென்று வந்தது. படம் போட்டேன். ஒரே பாராட்டு.

"உள்ளுக்குள்ள யாரு பாக்கப்போறா நாத்தனாரே? மூடித்தான வைக்கப்போற?" என்றாள் அண்ணி.

நான் பார்ப்பேன்.

மார்ச் 5

மௌஸ் தள்ளாடுகிறது. ஒரு டிசைன் திறப்பதற்குள் அண்ணி ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துவிட்டாள்.

மார்ச் 6

டிஸ்க் பிஐஓ மோடில் ஓடுகிறது. என்னது, பிஐஓவா? டிஸ்கிலிருந்து வரும் ஒவ்வொரு துணுக்கையும் பிராசசரே சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கும் முறை அது. மூன்று நாள் முன்பு வரை டிஎம்ஏதானே, டிஸ்க் நேராக மெமரியில் இறக்கிவிட்டுக்கொண்டிருந்ததே? பிழைகள் அதிகமானால் விண்டோஸ் தானாகவே கீழ்மோடுக்கு இறக்கிவிடுமாம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் மாட்டியிருக்கும் சானலை அழித்து ரீஸ்டார்ட் செய்தேன். டிஎம்ஏ. பறந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி பிஐஓ.

மார்ச் 7

அழித்தேன். வந்தது. போனது. டிசைன்களைப் பென் டிரைவில் எடுத்து வைக்கலாம் என்றால் பாதியில் நின்றுவிடுகிறது.

மார்ச் 8

டிஸ்க் சாகப்போகிறது என்று அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஹோட்டல்காரங்க கோட்டு அத்தனைக்கும் சின்னம் போடணும்டி. டிசைன் போச்சுன்னா எதை வச்சு தைக்கிறது?"

ஹோட்டல் மேனேஜருக்கு போன் போட்டாள். நாளை வரை பார்ப்பாராம். இல்லையென்றால் வேறு கடை.

குழுவில் எல்லாவற்றையும் கொட்டினேன். 'துரு' என்ற பெயரில் எழுதுபவர் பதில் போட்டார்: "டிஸ்குக்கு ஒண்ணுமில்ல தம்பி. நீ கிழிச்ச கேபிள்ல எண்பது கம்பி. பாதி தகவல் கொண்டுபோகும், பாதி நடுவுல தடுப்புச் சுவரா நிக்கும். நீ சுவரை எல்லாம் எடுத்துட்டு எல்லாரையும் ஒரே ரூம்ல அடைச்சிருக்க. ஒருத்தன் பேச்சுல இன்னொருத்தன் பேச்சு கலக்குது."

தம்பி இல்லை, தங்கச்சி — அதை விடு. நானா? நான்தானா? தூசியோட கிடந்தவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. அதைப் போய் அழகு பண்ணி, அண்ணி பொழப்புல...

சொல்லிவிட்டேன்.

அண்ணி என்னையே பார்த்தாள். "அழகுக்கா கிழிச்ச?"

"காத்துக்கும்தான்."

"போய் கிழியாத கேபிளா வாங்கிட்டு வா. திட்டறது அப்புறம்."

மார்ச் 9

பழைய சாமான் கடைக் கேபிள். சாம்பல் நிறம், அசிங்கம். மாட்டி, சானலை அழித்தேன். டிஎம்ஏ. டீ குடித்துவிட்டு வந்தோம். டிஎம்ஏ. கடை சாத்தும்போதும் டிஎம்ஏ. டிசைன்கள் முழுசாக பென் டிரைவுக்கு ஏறின. மேனேஜரிடம் அண்ணியே பேசினாள். திட்டு இன்னும் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 17

கோட்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. இன்று கடைக்குப் போனால் கம்ப்யூட்டருக்குப் புது உறை. ஹோட்டல் சின்னத்துக்கு வாங்கியதில் மிஞ்சிய தங்க நூலில், கொட்டை எழுத்தில்: 'நாத்தனார் தொடக் கூடாது'.

அந்த மெஷினில்தான் போட்டிருக்கிறாள். டிசைன் திறக்க ஒரு நொடிகூட ஆகவில்லையாம்.