தப்பாகக் கலந்த டப்பாக்கள்

பிப்ரவரி 4

சாவி கைக்கு வந்துவிட்டது. ஓட்டு வீடு. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, ஒரு படி கீழே இறங்கினால் சமையலறை, அதற்கும் பின்னால் துணி துவைக்க ஒரு முற்றம். நாங்கள் இரண்டு பேர்தான், தாராளமாகப் போதும். கூரையில் நாலைந்து ஓடுகள் உடைந்திருக்கின்றன. சமையலறைக் கதவு தரையில் உரசிக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் அழுகிறது. சுவரின் அடிப்பக்கம் முழுக்க ஈரம் ஏறி, கை வைத்தால் சுண்ணாம்பு உதிர்கிறது. இந்த விலைக்கு இது கிடைத்ததே பெரிசு என்றார் தரகர். அவர் சொல்லாவிட்டாலும் தெரியும்.

மூன்றாம் மாடி வாடகை வீட்டை விட்டு வந்ததற்கு ஒரே காரணம் அந்தப் படிக்கட்டு. போன மழைக்காலத்தில் இவர் அதில் உருண்டார். அத்தனை வருடம் பஸ் ஓட்டிய மனிதர், மூன்று படி கண்ணுக்குத் தெரியாமல் உருண்டார். கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற விடாமல் சொட்டு மருந்து போடுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்து வண்டிக்காக நிற்கும்போது இவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "என்ன வேணா ஆகட்டும். சொந்த வீட்டுக்குள்ள என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி மட்டும் ஆக்கிடாத."

சரி என்றேன். அதற்காகத்தான் இந்த வீடு. இதற்குள் இவர் யார் கையும் பிடிக்காமல் நடக்க வேண்டும். அது போதும் எனக்கு.

பிப்ரவரி 9

காலையிலிருந்து சுவர் சுரண்டல். வெள்ளைக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ரோஸ், ரோஸுக்குக் கீழே வாந்தி நிறத்தில் ஒரு மஞ்சள். எந்த மகராசன் தேர்ந்தெடுத்தாரோ!

ஆடிட்டர் உதவிக்கு வந்திருந்தாள். என் நாத்தனார்தான், இவருடைய ஒரே தங்கை. கணக்கெல்லாம் படித்தவள் இல்லை, எதைப் பார்த்தாலும் குறை கண்டுபிடிப்பாள் என்பதால் வைத்த பெயர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு சொன்னாள்: "அண்ணி, நீங்க வீடு வாங்கல. வேலை வாங்கியிருக்கீங்க."

வாய்தான் அப்படி. சாயங்காலம் வரை உட்காரவே இல்லை. இவரிடம் உப்புத்தாளைக் கொடுத்து ஜன்னல் கம்பிகளைத் தேய்க்க விட்டோம். தடவித் தடவி, துரு ஒரு பொட்டுகூட இல்லாமல் தேய்த்து வைத்திருக்கிறார்.

பிப்ரவரி 16

பெயிண்ட் வாங்கிய நாள். என் நாள்!

துணிக்கடையில் நூல் பிரிவில் காலத்தைக் கழித்தவள் நான். யார் எந்தத் துணியைக் கொண்டு வந்தாலும், வெளிச்சத்துக்கு எடுத்துப் போகாமலே அதற்கான நூல்கண்டை எடுத்து நீட்டுவேன். தைத்த பிறகு தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், அதுதான் என் கெட்டிக்காரத்தனம். முதலாளியே, "அந்த அம்மா கண்ணு எடை மெஷின் மாதிரி" என்பார்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். ஒரே நிறம். அரை வெள்ளை, அதில் ஒரு சொட்டு மஞ்சள். சுவர், கதவு, நிலை, ஜன்னல், அலமாரி, எல்லாம். சின்ன வீடு பெரிதாகத் தெரியும். இவர் கண்ணுக்கும் வெளிச்சம்தானே வேண்டும்? எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு வெளிச்சம்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றாள் ஆடிட்டர். எதிர்பார்த்ததுதான்.

கடைக்காரர் பின்பக்கம் கூட்டிப்போய் ஒரு குவியலைக் காட்டினார். மெஷினில் தப்பாகக் கலந்துவிட்டது, வாங்கிப் போனவர்கள் பிடிக்காமல் திருப்பியது, எல்லாம் கால் விலை. கரு நீலம், கத்தரிப்பூ, கண்ணைக் குத்தும் ஒரு ஆரஞ்சு. "கையைக் கடிக்காதும்மா" என்றார். "செத்தாலும் வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். காசு இல்லை என்பதற்காக ரசனையும் இல்லாமல் போகுமா?

பிப்ரவரி 23

முதுகு இல்லை. பேனா பிடிக்க விரல் இருக்கிறது, அதுவும் வெள்ளையாக.

மார்ச் 2

முடிந்தது. ஈரச் சுவருக்குப் பட்டி வைத்து ஆற விட்டு, மூன்று கை அடித்தாகிவிட்டது. பழைய மரக்கடையில் வாங்கிய பலகைகள் அலமாரியாகிவிட்டன. துணிக்கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டு, சாயம் முக்கி, சுவர் நிறத்திலேயே திரைச்சீலை. தரைக்குப் பொருத்தமாக, சமையலறைப் படி மேல் ஒரு சாம்பல் நிற மிதியடி. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. வாசலில் நின்று பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், என் வாழ்க்கையில் நான் செய்த மிக அழகான காரியம் இதுதான்.

இவர் முன்னறையின் நடுவில் நின்று மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. நல்ல வெளிச்சம்" என்றார்.

மார்ச் 7

குடிவந்தாயிற்று. இவர் ஏனோ நாற்காலியை விட்டு எழுவதில்லை. பழைய வீட்டில் நான் எழுவதற்குள் டீ போட்டு வைத்திருப்பார். இங்கே உட்கார்ந்த இடத்திலிருந்தே, "கொஞ்சம் தண்ணி தர்றியா?" ராஜா தர்பாரில் வீற்றிருக்கிறார். நான் சேடிப்பெண்.

இன்னொன்று. புதுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சாம்பலாக ஒரு கோடு. யாரோ எதையோ உரசியபடி போயிருக்கிறார்கள். ஆடிட்டரின் தோல் பையாகத்தான் இருக்கும். சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்தேன்.

மார்ச் 9

மறுபடியும் கோடு. மறுபடியும் துடைத்தேன். ஆடிட்டரிடம் கேட்டதற்கு, "என் பையில கரியா பூசி வெச்சிருக்கேன்?" என்று போனை வைத்துவிட்டாள்.

மார்ச் 11

நன்றாகச் சண்டை.

நெற்றியில் வீக்கம். என்ன என்றால், "அலமாரிக் கதவு இடிச்சுடுச்சு" என்கிறார். காலையில் கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. அதற்கு முன்னால் சொட்டு மருந்துக் குப்பியைக் காணோம் என்று அரை மணி நேரம் தேடல். அது இவர் மூக்குக்கு முன்னால், அலமாரி மேலேயே இருந்தது. வெள்ளைக் குப்பி.

பொறுக்கவில்லை. கத்திவிட்டேன். "வீடு பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்! இப்படிக் கல்லு மாதிரி உக்காந்து என் உயிர வாங்காதீங்க!"

"பிடிச்சிருக்கும்மா" என்றார். அவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரம். என்னதான் குறை இந்த மனுஷனுக்கு? உடம்பு ஒடிய உழைச்சது யாருக்காக? எனக்காகவா?

மார்ச் 14

எப்படி எழுதுவது. எழுதியே ஆக வேண்டும்.

சமையலறைக் கதவின் அடியை இழைக்கலாம் என்று மத்தியானம் கீலைக் கழற்றி, கதவை முற்றத்துக்கு எடுத்துப் போனேன். இவர் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். இழைத்துக்கொண்டே நிமிர்ந்தபோது, சமையலறையைத் தாண்டி, வெறும் நிலை வழியாக உள்ளறை தெரிந்தது. இவர் எழுந்து வந்துகொண்டிருந்தார். இடது கை விரல்கள் சுவரில். இடுப்பு உயரத்தில். விரல்களைச் சுவரை விட்டு எடுக்காமல், ஒவ்வொரு அடியாக.

அந்தக் கோடு. நான் தினமும் சோப்புப் போட்டுத் துடைத்த கோடு.

நிலைக்கு வந்ததும் நின்றார். கதவைத் தள்ள வலது கையை நீட்டினார். கதவுதான் என்னிடம் இருக்கிறதே. கை காற்றுக்குள் போயிற்று. இன்னும் கொஞ்சம் நீட்டினார். விரல்களை விரித்துத் தேடினார். நான் பத்தடி தூரத்தில், நேர் எதிரில், இழைப்புளியோடு உட்கார்ந்திருக்கிறேன். என்னையும் தெரியவில்லை, கதவு இல்லை என்பதும் தெரியவில்லை. பிறகு காலை முன்னால் நீட்டித் துழாவிப் படியைத் தேடினார். அங்கே என் அழகான மிதியடி.

ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். கையைப் பிடித்தேன். எதைச் செய்யாதே என்றாரோ அதையே.

இருவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். இவர் சொன்னார். "பழைய வீட்ல பச்சைக் கதவு இருந்துச்சு. சுவிட்சு கருப்பு. தரை சிவப்பு. அதை வெச்சு ஓட்டிட்டு இருந்தேன். இங்க எல்லாம் ஒண்ணா கலந்துடுச்சும்மா. பாலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு."

"ஏங்க சொல்லல? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த."

தையல் கண்ணுக்குத் தெரியாதபடி நூல் எடுத்துக் கொடுப்பதில் நான் கெட்டிக்காரி. அதே கெட்டிக்காரத்தனத்தால் ஒரு வீட்டையே இவர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டேன். ஒவ்வொரு கதவாக, ஒவ்வொரு படியாக, மூன்று கை அடித்து மறைத்தேன். மிச்சமிருந்த ஒரே வழித்தடத்தையும் தினம் துடைத்தேன்.

பாவி நான். இவரும்தான். வாயிருந்தும் சொல்லாத மனுஷன். ரெண்டு பேரையும் எதுல சேத்துக்கறது?

மார்ச் 15

கோட்டைத் துடைக்கவில்லை.

மார்ச் 17

நானும் ஆடிட்டரும் பெயிண்ட் கடைக்குப் போனோம். நேராகப் பின்பக்கம்.

"செத்தாலும் வேணாம்னீங்களே?" என்றார் கடைக்காரர்.

"செத்துத்தான் வந்திருக்கோம். எடுங்க" என்றாள் ஆடிட்டர்.

விஷயத்தைக் கடைக்காரரிடம் நான் சொல்லும்போது அவள் அங்கேயே அழுதாள் என்பதையும் எழுதிவைக்கிறேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கால் விலையில் இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள்.

மார்ச் 18

இன்று பரீட்சை. எனக்குத்தான், வாத்தியார் இவர்.

பழைய அட்டைகளில் ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் கொஞ்சம் பூசி, ஒவ்வொன்றாகச் சுவரில் வைத்துப் பிடித்தேன். இவர் நாற்காலியில், ஆடிட்டர் பக்கத்தில். "தெரியுது." "தெரியல." "ஏதோ அழுக்கு மாதிரி தெரியுது." நான் ஆசையாக நீட்டிய வெளிர் நீலத்துக்கு, "நீ இன்னும் அட்டையை வைக்கலையா?" என்றார். மூவரும் சிரித்தோம். இந்த வீட்டில் முதல் சிரிப்பு.

இத்தனை வருடம் ஒன்றோடு ஒன்று சண்டை போடாத நிறங்களைத் தேடித் தேடி எடுத்தவள், இப்போது நன்றாக அடித்துக்கொள்ளும் ஜோடிகளாகப் பார்த்து எடுக்கிறேன். மனசு கேட்கவில்லைதான். கத்தரிப்பூவுக்குப் பக்கத்தில் ஆரஞ்சைப் பார்த்தபோது பல் கூசியது. ஆனால் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆங், இது! இது பளிச்சுனு இருக்கு" என்றார். பல் கூசினால் கூசட்டும்.

இன்னொரு ஒப்பந்தமும் ஆனது. ஒருத்தர் சந்தோஷத்துக்காக இன்னொருத்தர் பொய் சொல்வதில்லை. "நல்லா இருக்கு"ன்னா நல்லா இருக்கணும்.

மார்ச் 22

சமையலறைக் கதவு கரு நீலம், இப்போது அழாமல் திறக்கிறது. குளியலறைக் கதவு கத்தரிப்பூ. படியின் விளிம்பு ஆரஞ்சு. மிதியடி குப்பைக்குப் போயிற்று. சுவிட்சைச் சுற்றி ஒவ்வொன்றுக்கும் ஒரு கருப்புச் சட்டம், ஆடிட்டர் கைவண்ணம், ஒன்றுகூட நேராக இல்லை.

மிஞ்சிய நீலத்தை இவர் கேட்டு வாங்கினார். அந்தச் சாம்பல் கோட்டின் மேலேயே, இடது கையால் சுவரைத் தொட்டபடி, வலது கையால் நான்கு விரல் அகலத்துக்குப் பூசிக்கொண்டே போனார். படுக்கையறையிலிருந்து சமையலறை வரை. நூல் கட்டி நேராக்கலாமே என்று வாய் வரை வந்தது. நூல்காரி புத்தி. அடக்கிக்கொண்டேன். பட்டை இவர் நடை மாதிரியே கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கிப் போகிறது. பாதியில் நீலம் தீர்ந்து, பச்சையில் முடிந்தது.

"இப்ப எப்படி இருக்கு அண்ணி?" என்றாள் ஆடிட்டர்.

"சகிக்கல" என்றேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. அதுவும் உண்மை.

ஏப்ரல் 2

நேற்றிலிருந்து எனக்குக் காய்ச்சல். விடிந்தும் எழவில்லை. பக்கத்தில் இவரைக் காணோம். எழுந்து பார்க்கலாம் என்று நினைக்கும்போதே சமையலறையில் பாத்திரச் சத்தம். அடுப்புப் பற்றும் சத்தம். கரண்டி. பிறகு படியில் காலடி, ஒரே ஒரு முறை, தயங்காமல்.

கையில் டீயோடு வந்து நின்றார். "எந்திரிக்காத. இந்தா."

குடித்தேன். சர்க்கரைப் பாகு. நல்லா இருக்கு என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"சர்க்கரை ஜாஸ்தி" என்றேன்.

"அப்படிச் சொல்லு" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். விரல் பட்டையின் மேல் இருந்தது. பாதி வழியில், நீலம் முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில், அதையும் எடுத்துவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.