கீழறையில் மாட்டிய டப்பா

விழிஞ்ஞம், திருவனந்தபுரம்
12.1.2024

அன்புள்ள தங்கை லீலாபாய்க்கு,

நீ செய்தது தப்பு. நான் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த நாளில், நான் கட்டிய வீட்டின் கீழறையில், என்னிடம் கேட்காமல் விஷவாயு அளக்கும் டப்பா ஒன்றைத் தொங்கவிட்டாய். ஐம்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவன் வீட்டில் விஷவாயுவா? ஜெபக்கூட்டத்துக்கு வந்த பெண்கள் அண்ணாந்து பார்த்து, "கேஸ் லீக்கா?" என்று கேட்கிறார்கள். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். வந்து எடுத்துக்கொண்டு போ.

அண்ணன்
ராஜையன்

மார்த்தாண்டம்
20.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

எலிசாள் மைனியிடம் கேட்டுத்தான் மாட்டினேன். உங்கள் மனைவிக்கும் அது வீடுதானே! காலேஜ் லேபில் முப்பது வருஷம் குப்பி கழுவினவள், விளையாட்டுக்கு மாட்டுவேனா? ரேடான் வாயு மண்ணிலிருந்து வருகிறது. கொத்தனார் மேல் குற்றமில்லை. நிறமில்லை, மணமில்லை. தரை வெடிப்பு வழியாக ஏறி, அடைத்த அறையில் தங்கும். வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் புற்றுநோய் வரலாம். கீழறையின் பின்சுவர் குன்றோடு ஒட்டி நிற்கிறது. அடுக்களைக்குப் பக்கம் என்று மைனி பதினொரு வருஷமாக அங்கேதான் படுக்கிறார்கள். மூன்று மாதம் தொங்கட்டும், அண்ணா. உங்கள் தரையைப் போல ஒரு தரை நான் எங்கும் பார்த்ததில்லை. அதுவே ஜெயிக்கட்டும்.

லீலா

மார்த்தாண்டம்
6.5.2024

அண்ணா,

அளவு வந்துவிட்டது. வெளிக்காற்றில் இருக்கும் அளவுதான்! லேபில் இருப்பவர்களே நம்பவில்லை. "யார் போட்ட தரை?" என்று கேட்டார்கள். என் அண்ணன் என்று சொன்னேன்.

லீலா

விழிஞ்ஞம்
2.6.2024

அன்புள்ள லீலாவுக்கு,

இந்தத் தடவை தப்பு என்னுடையது. ஜனவரியில் உன் பதில் வந்த அன்றே டப்பாவைக் கழற்றி முற்றத்துத் துணிக்கொடியில் மாட்டிவிட்டேன். மூன்று மாதம் கழித்து நீ எடுக்க வந்த காலையில்தான் திரும்ப உள்ளே வைத்தேன். நீ புகழ்ந்தது விழிஞ்ஞம் கடல்காற்றை.

அளவு வந்த உன் கடிதத்தை ஜெபக்கூட்டத்தில் வாசித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். எலிசாள் தட்டவில்லை. துணி காயப்போடுகிறவள் அவள்தானே. அன்றும் தலையணையை எடுத்துக்கொண்டு கீழறைக்கே படுக்கப் போனாள்.

பிறகு லைப்ரரியில் ரேடானைப் பற்றிய மலையாளப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீ எழுதினது அத்தனையும் சரி. கொத்துக்கரண்டி பிடித்து நான் கற்றதைவிடக் குப்பி கழுவி நீ கற்றது அதிகம். என்னைக் கேட்காமல் மாட்டியது மட்டும் இன்னும் தப்புதான்.

இனி நடக்க வேண்டியது. புது டப்பா நீ கொண்டுவர வேண்டும். சன்னலை விட்டுத் தள்ளி நீயே மாட்ட வேண்டும், நான் தொடக்கூடாது. அளவு வரும்வரை எலிசாள் முன்னறையில் என் கட்டிலில் படுக்க வேண்டும், கீழறையில் நான். அளவு கூடுதலாக இருந்தால், தரையில் குழாய்க்கு உடைத்து மூடாமல் விட்ட ஓட்டையையும் வெடிப்புகளையும் நான் அடைக்க வேண்டும். நீ மறுபடி அளக்க வேண்டும். ஜெபக்கூட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டியது நான். அன்று கைதட்டலாமா என்று எலிசாள் முடிவு செய்ய வேண்டும்.

அண்ணன்
ராஜையன்