மெஷின் வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

மரத்தூள் இருமல் குறைந்ததா? துபாய் ஓட்டலில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று எங்கள் இசைக்குழுவின் ரிஃப்கி அண்ணன் மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கிவந்தார். நம் ஊர் சிடோஆர்ஜோவில், உங்கள் தொழிற்சாலையில் செய்தது. ஆளுக்காள் வாசித்துப் பார்த்தோம். அதன் கழுத்தில் குறுக்காகப் பதித்த ஃப்ரெட் கம்பிகளின் நுனி எங்கேயும் விரலைக் கீறவில்லை.

"இந்த விலைக்கு இவ்வளவு சுத்தமாடா! மனுஷன் கை பட்டிருந்தா சொதப்பியிருப்பான். எல்லாம் மெஷின். தாமர், நீ அந்த ஊர்க்காரன்தானே, சொல்லேன்," என்றார் ரிஃப்கி அண்ணன்.

அந்த நுனிகளை அரத்தால் ராவுவது நீங்கள். ஆனால் என் அம்மா டீச்சர் என்றல்லவா இங்கே சொல்லி வைத்திருக்கிறேன்!

"ஆமாண்ணே, மெஷின்தான்," என்றேன்.

மலிவு, மலிவு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். யாருடைய கூலியைக் குறைத்து வந்த மலிவு என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்த நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அம்மா.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் மிளகாய்ச் சம்பல் கொடுத்தனுப்புங்கள். வேலை உடுப்பில், கையில் அரத்தோடு உங்கள் படம் ஒன்றும் வேண்டும். வாயால் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நாங்கள் எல்லோரும் தங்கும் அறையில் என் கட்டிலுக்கு மேல் மாட்டிவைத்தால் அவர்களே யாரென்று கேட்பார்கள்.

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

தாமர்