தொழுவத்துக் கதவு

அக்டோபர் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போன் தண்ணீரோடு போய்விட்டது, அதனால்தான் கடிதம். நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம், முதலில் அதை நம்பு. ஆற்றுக்கரை விடியற்காலையில் உடைந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு. உன் மாமா தள்ளத் தள்ள அது அவரையே சுற்றி வருகிறது.

ஒன்பது மாட்டில் ஏழு போய்விட்டன. முட்டுக்காரியும் அவள் கன்றும்தான் மிச்சம். கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். நனைந்த வைக்கோலைத் தின்ன விடாதீர்கள் என்றார். காய்ந்ததற்கு எங்கே போவது? நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் எழுத்தைப் பார்த்த பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது. தச்சுப் பட்டறையில் எல்லோரும் விசாரித்தார்கள். வைக்கோல் பத்துக் கட்டு லாரியில் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தண்ணீர் வருவது தெரிந்ததும் தொழுவத்தைத் திறந்துவிட வேண்டாமா? ஒரு தாழ்ப்பாளை இழுக்கிற வேலை. மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாரா? மாடு நீந்தும் அக்கா! மூத்த பசு பெரியவளை நான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். அவளைக்கூடவா விட்டுவிட்டீர்கள்? ஆத்திரத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

உன் தம்பி

அக்டோபர் 26

தம்பி,

வைக்கோல் வந்து சேர்ந்தது. கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன்.

தாழ்ப்பாளை இழுத்தோம். கதவுதான் திறக்கவில்லை. அது உள்பக்கம் திறக்கிற கதவு. நம் மாடுகளைத்தான் கட்டிப்போடுவதில்லையே, வெளியே வரத் துடித்து எல்லாம் அதன் மேலேயே சாய்ந்து நின்றன. நாங்கள் இந்தப் பக்கம் தோள் கொடுத்துத் தள்ள, அவை அந்தப் பக்கம் தள்ளின. உன் மாமாவின் தோளில் இன்னும் கட்டு இருக்கிறது. பின்சுவர் சரிந்தபோது அதன் ஓரம் நின்ற முட்டுக்காரியும் கன்றும் நீந்தி வந்தார்கள். மற்றவை கதவை விட்டு நகரவே இல்லை. பெரியவள்தான் கதவை ஒட்டி முதலில் நின்றாள்.

நீ அந்தக் கதவைச் செய்து போட்ட அன்றே, "வெளிய திறக்கிற மாதிரி போடுடா" என்று சொன்னேன். "வாசல்ல இடத்தை அடைக்கும், நீ பேசாம இரு அக்கா" என்று சொன்னாய். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அக்கா

டிசம்பர் 20

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. நீ உளியையே தொடுவதில்லை என்று பட்டறை முதலாளி சொன்னார்.

பன்னிரண்டு வருஷமாகத் தினம் இரண்டு வேளை அந்தக் கதவைத் தள்ளித் திறந்தவள் நான். மாற்றிப் போட்டுக் கொடு என்று ஒருமுறையாவது உனக்கு எழுதினேனா? பழியில் பாதி என்னுடையது. முழுசையும் நீயே சுமந்துகொண்டு உட்காராதே.

மேட்டில் புதுத் தொழுவத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. கதவு இல்லை, சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறேன். முட்டுக்காரி இதுவரை மூன்று சாக்கைக் கிழித்தாயிற்று. "வேற ஆளை வெச்சுப் போட்டுடலாமா?" என்று உன் மாமா தினமும் கேட்கிறார். "என் தம்பி வருவான், பேசாம இருங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அளவைக் குறித்துக்கொள். அகலம் ஐந்தடி, உயரம் ஏழடி. வெளியே திறக்க வேண்டும்.

அக்கா