பனிக்கிணறு இரண்டின் ஆணழகன்

மார்ச் 3, 06:10
நிலையம்: பனிக்கிணறு இரண்டு, நிலாவின் தென்முனை. பணியில் ஒரே ஆள்: துளைப்பொறியாளர் சேர்மக்கனி, வயது 39. நேற்று வெட்டி உருக்கிய பனி 410 லிட்டர். காற்று, மின்சாரம், வெப்பம் மூன்றும் சரி.

எடை 71.2 கிலோ, பூமிக் கணக்கில். கொழுப்புமானி 9.8 சதவீதம்.

பின்னால் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்திருக்கட்டும். கொழுப்புமானி என்பது இரண்டு கைப்பிடி, இரண்டு பாதத்தகடு. வெறுங்காலோடு ஏறி நின்று பிடித்தால் உடம்புக்குள் பொடி மின்சாரம் ஓடும். அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்து உடம்பில் கொழுப்பு இவ்வளவு என்று ஓர் எண் காட்டும்.

பதினோரு நாளில் நிலா ஆணழகன் போட்டி. அவரவர் நிலையத்தில், அவரவர் கேமரா முன்னால் நிற்க வேண்டும். நடுவர்கள் பூமியில் உட்கார்ந்து பார்ப்பார்கள். எழுபது கிலோ பிரிவில் இரண்டே பெயர்கள். ஒன்று நான். இன்னொன்று, அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பனிக்கிணறு ஐந்தில் இருக்கும் பிரிட்டோ.

மார்ச் 5, 07:30
உருக்கியது 405 லிட்டர். மானி 9.5. சாப்பாடு: அவித்த பயறு, முட்டைத்தூள், வேறொன்றும் இல்லை.

பிரிட்டோவிடமிருந்து செய்தி: "ஏல சேர்மா, எனக்கு இன்னைக்கு ஏழு புள்ளி ஒண்ணுலே! உனக்கு எவ்ளோ காட்டுது?"

பதில் அனுப்பவில்லை. தூத்துக்குடியில் ஒரே ஜிம்மில் ஒரே தண்டால் பலகையில் வளர்ந்தவர்கள் நாங்கள். மாவட்டப் போட்டியில் மூன்று தடவை மோதினோம். மூன்று தடவையும் அவன் முதல், நான் இரண்டாவது. மூன்றாம் தடவை பேப்பரில் வந்த படத்தில் என் தலை இல்லை, தோள் மட்டும்தான் இருந்தது. அவன் போட்டிக்கு முந்தின வாரம்வரை பரோட்டா தின்பான். நான் ஆறு மாதம் உப்பைக்கூட அளந்து போடுவேன். அவனுக்குத்தான் வயிற்றில் கட்டம் கட்டமாக எழும்பும்.

எனக்கு வயிற்றெரிச்சல். எழுதியே விட்டேன். பாதி பசி, பாதி பிரிட்டோ.

மார்ச் 7, 06:40
உருக்கியது 398. எடை 69.9.

கிடுக்கியை எடுத்தேன். தொப்புளுக்கு அருகே, தொடையில், முதுகில் தோலைக் கிள்ளிப் பிடித்துத் தடிமன் பார்க்கும் பழைய முறை. கணக்குப் போட்டால் 6.2 வருகிறது. மானியோ 9.1 என்கிறது. கண்ணாடியில் பார்த்தால் விலாவில் நரம்பு தெரிகிறது.

எதை நம்புவது? நல்ல சேதி சொல்கிற கருவியை நான் நம்புவதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கிடுக்கியை டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

பிரிட்டோ: "ஆறு புள்ளி ஆறு! என்னலே, ஆளு இருக்கியா இல்லியா?"

இருக்கிறேன். இருந்து தொலைக்கிறேன்.

மார்ச் 9, 13:15
உருக்கியது 401. மானி 8.9. இரண்டு நாளில் 0.2 மட்டும். த்தூ.

13:02க்கு பிரிட்டோவின் செய்தி: "நீ பதிலே சொல்ல மாட்டேங்க. சரி, ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கடைசி நேரத்துல எவன் என்ன சொன்னாலும் தண்ணி விடாதலே. தண்ணி விட்டேன்னு வையி, மானி—"

செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அவ்வளவுதான் வந்தது.

செடிக்குத் தண்ணி விடுவோம். மாவுக்குத் தண்ணி விடுவோம். ஆக, உடம்புக்குள் தண்ணீரை ஊற்றாதே என்கிறான். ஊற்றினால் மானி ஏறும். தோலுக்கடியில் தண்ணீர் நின்றால் தசை மழுங்கித் தெரியும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். அதை எனக்கே சொல்லிக்கொடுக்கிறான் பாருங்கள்! என்மேல் பரிதாபம் வந்துவிட்டது துரைக்கு. தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு மணி நேரத்தில் செயற்கைக்கோள் திரும்ப வரும். மீதி வாக்கியம் என்னவென்று கேட்கலாம். கேட்க மாட்டேன். அவனிடம் பாடம் கேட்கிற நிலைக்கு இன்னும் வரவில்லை.

இன்று முதல் நாளுக்கு அரை லிட்டர்.

மார்ச் 11, 06:25
உருக்கியது 390. எடை 67.8. மானி 10.9.

தப்பாக எழுதவில்லை. பத்து புள்ளி ஒன்பது. மூன்று தடவை ஏறி நின்றேன். தகடுகளைத் துடைத்துவிட்டு நான்காவது தடவையும் நின்றேன்.

எடை இறங்குகிறது, கொழுப்பு ஏறுகிறது. அப்படியானால் கரைவது தசையா? இருபது வருடம் தூக்கிச் சேர்த்த தசையா? அந்த அரை லிட்டர்தான் காரணம். அதையும் நிறுத்துகிறேன்.

தொட்டியில் இரண்டாயிரம் லிட்டர் நிற்கிறது. நான் தோண்டி எடுத்த தண்ணீர். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு நடக்கிறேன்.

மார்ச் 13, 11:20
உருக்கவில்லை. துளைக்கம்பியைத் தூக்க முடியவில்லை. எடை 65.1. மானி 12.7. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. நேற்று மாலைக்குப் பிறகு சிறுநீர் இல்லை.

போட்டியாளர் படத்தைக் காலையில் அனுப்பினேன். அது பிரிட்டோவுக்கும் போயிருக்கிறது. இந்தத் தடவை அவன் செய்தி முழுதாக வந்தது.

"அட கிறுக்கா! என்னலே செஞ்சு வச்சிருக்க? ஒதடெல்லாம் வெடிச்சுப் போயிக் கெடக்கு. தண்ணி விடாதன்னா தண்ணியக் கைவிட்றாதன்னு அர்த்தம்லே! குடிக்கிறத நிறுத்தாதன்னு சொன்னேன். ஒடம்புல தண்ணி இல்லன்னா கரண்டு ஓடாது. ஓடாததையெல்லாம் அந்த மானி கொழுப்புன்னு கணக்குல சேத்துரும். உங்கிட்ட கொழுப்பே கெடையாது இப்ப. உப்புப் போட்டுக் கொஞ்சங் கொஞ்சமாக் குடி. உடனே குடிலே!"

சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்றேன். அவன் சொல்வது உண்மை. தோலுக்கும் தசைக்கும் நடுவே காகிதம் செருக இடமில்லை. நான்கு சதவீதம் இருந்தால் அதிகம். இப்படி ஓர் உடம்பு பிரிட்டோவுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

டம்ளரில் பிடித்தேன். உப்பும் போட்டேன்.

பிறகு யோசித்தேன். போட்டிக்கு முந்தின நாள் குடித்தால் தசையில் இந்த வெட்டு நாளைக்கு இருக்குமா? அது அவனுக்குத் தெரியாதா? டம்ளரைக் கவிழ்த்துவிட்டேன். நாளை நாலு மணிக்குப் போட்டி, அதுவரைதானே. பதில் அனுப்பவில்லை.

மார்ச் 14, 15:10
வெளிக்கதவை யாரோ இடிக்கிறார்கள். பிரிட்டோ. திறந்த ஊர்தியில் ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். ரேடியோவில் அவன் குரல்.

"சேர்மா, கதவுல தாழ் போட்டிருக்கலே, தெற. ஒரு பொட்டி நெறைய குளுக்கோஸ் பை கொண்டாந்திருக்கேன். அத வண்டில ஏத்த எடம் பத்தலன்னு மாத்துக் காத்து உருளைய எறக்கி வச்சிட்டு வந்துட்டேன். இந்த உடுப்புல ஒண்ணே முக்கா மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்கு. கேக்குதா?"

கேட்கிறது. போட்டி விதி: கேமரா ஓடும்போது நிலையத்தில் இன்னோர் ஆள் இருந்தால் தகுதி நீக்கம். எண்ணெய் தேய்க்க, விளக்குப் பிடிக்க ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. நாலு மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டு நிமிடம். நாலேகாலுக்குத் திறந்தாலும் அவனுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் காற்று மிச்சம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பதினோரு நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பதில் சொன்னேன்: "நாலேகாலுக்குத் தெறக்கேன். பொறு."

"லூசுப்பயலே, நான் போட்டிய விட்டுட்டுத்தானலே வந்திருக்கேன்! கப்பு உனக்குத்தான், யாரு வேண்டாங்கா? தெற முதல்ல!"

விட்டுக்கொடுத்து விட்டானாம். அவன் போட்டு நான் பொறுக்கிக்கொள்ள வேண்டுமாம். முடியாது. நான் நின்றுதான் ஜெயிப்பேன். நடுவர்கள் என்னைப் பார்க்க வேண்டும்.

16:04
நடுவர் குழு: "எழுபது கிலோ பிரிவில் இன்னொரு நிலையத்தின் ஒளிபரப்பு வரவில்லை. இருபது நிமிடம் பொறுத்துத் தொடங்குவோம். கேமரா முன்னாலேயே இருங்கள்."

பிரிட்டோவுக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் வர மாட்டான் என்று நான் சொல்லலாம். எங்கே என்று கேட்பார்கள். இங்கே என்று சொன்னால் போட்டி போச்சு.

எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். அவன் இடித்துக்கொண்டே இருக்கிறான்.

16:38
முடிந்தது. இரண்டு கையும் தூக்கி, முதுகு விரித்து, வயிறும் தொடையும் காட்டி, எல்லா போஸும் கொடுத்தேன். நடுங்கவில்லை. கடைசி போஸில் வலது தொடை இழுத்துக்கொண்டது. கேமரா அணைந்ததும் விழுந்தேன். இப்போது இடதும். கல்லாக இறுகிவிட்டது. தரையில் கிடந்து கைப்பலகையில் எழுதுகிறேன்.

முடிவு வந்துவிட்டது. முதல் இடம், பனிக்கிணறு இரண்டு, சேர்மக்கனி. நடுவர் ஒருவர் சொன்னார்: "இப்படி வற்றிய உடம்பை நான் பார்த்ததே இல்லை."

கதவு ஏழு மீட்டர் தள்ளி. தாழ் இரும்பு, கையால் இழுக்க வேண்டும். பிரிட்டோ: "முடிஞ்சுதாலே? சரி, வா. வாலே மக்கா."

வருகிறேன் என்றேன். குரல் வரவில்லை.

16:52
மூன்று மீட்டர் முழங்கையால். நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது எண்ணெய் வழுக்குகிறது

இடிக்கிற சத்தம் நின்று போச்சு

16:58
அவன் உடுப்பு நிலையத்துக்கு அருகே இருப்பதால் அதன் விவரம் தானாகவே என் கைப்பலகையில் விழுகிறது. உடுப்புக்குள்ளே உடம்பை அளக்கும் உணரிகள். பெயர் பிரிட்டோ. எடை 73.4. கொழுப்பு 13.1

பதிமூன்று. ஆறு புள்ளி ஆறு என்றானே. ஏழு புள்ளி ஒண்ணு என்றானே. எல்லாம் புளுகு. தினமும் என்னைச் சீண்டிப் பார்த்திருக்கிறான் அவ்வளவுதான். பதிமூன்று! தொப்பையோடு இருந்திருக்கிறான் பயல்

சிரித்தேன். உதடு கிழிந்தது. நான்தான் கீழே. பாதிக்கும் கீழே

அதற்கு அடுத்த வரி நாடித்துடிப்பு. அதை அப்புறம்தான் பார்த்தேன்