மெத்தைக் கிடங்கில் ஈரச் சுவர்

மார்ச் 4
பாட்டுப் பழகக் கிடங்கின் பின்பாதியைக் கேட்டார்கள் மகளும் மாப்பிள்ளையும். ராக் இசைக்குழுவாம். இவள் பாட்டு, அவர் கிடார், டிரம்ஸுக்கு நெட்டையன் என்று ஒரு சிநேகிதன். குழுவின் பேர் ‘ஈரச் சுவர்’. கடைக்கு இப்படிப் பேர் வைத்தால் எவன் உள்ளே வருவான் என்றேன். “அதுதாம்மா மாற்று இசை!” சரி. கூரைவரை அடுக்கிய மெத்தைகள் சத்தத்தைக் குடித்துவிடும். அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரமாட்டார்கள்.

மார்ச் 19
ஒட்டுக்கேட்டேன். ஒரு வார்த்தை புரியவில்லை. கால் மட்டும் தானாக ஆடியது.

மே 7
கல்லூரி விழாவில் வாசித்தார்கள். பிள்ளைகள் வரிக்கு வரி கூடவே பாடுகிறார்கள்! இருபத்தாறு வருடமாக மெத்தை விற்கிறேன். என் பேரைச் சொல்லி ஒருவனும் கத்தியதில்லை.

ஜூலை 2
அடுத்த மாதம் நகர அரங்கில் பெரிய மேடை. நெட்டையன் இப்போதே சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான். பாட்டு இன்னும் முடியவில்லை.

ஜூலை 23
புது விடுதிக்கு நானூறு மெத்தை. ஒரே நாளில் கிடங்கு காலி. நல்ல நாள் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 24
என் வியாபாரமே வினையாயிற்று. மெத்தைகளுக்கு நடுவே பழகிப் பழகி, கிடாரின் சத்தத்தை ஏற்றியே வைத்திருக்கிறார் மாப்பிள்ளை. காலிக் கிடங்கில் அது இடியாக விழுந்தது. மகளின் குரல் அடியில் நசுங்கியது. குறைக்கச் சொன்னாள்.
“குறைச்சா பாட்டுல உயிர் இருக்காது.”
“அப்ப என் குரல் என்ன பொணமா?”

ஆகஸ்ட் 11
பெரிய மேடை. கைதட்டலில் கூரை பிய்ந்தது. கிடாரோ குறையவே இல்லை. மூன்றாம் பாட்டின் நடுவில் மகள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்துக் கூட்டம் இன்னும் கத்தியது. இறங்கியதும் நெட்டையன் என்னிடம் வந்தான். “மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சொல்வாங்களே ஆன்ட்டி, அது நான்தான். ஆள விடுங்க.”

ஆகஸ்ட் 12
மகள் பெட்டியோடு வாசலில். “என்னடி, வித்த சரக்கத் திரும்ப எடுக்கிறதில்லன்னு போர்டே வச்சிருக்கேன், பாக்கலையா?” சிரிப்பாள் என்று பார்த்தேன். அழுதாள். எனக்கு வாய்க்கொழுப்பு. “இனிமே அவர்கூட முடியாதும்மா.” குழு போனால் போகட்டும். குடும்பமுமா? கிடங்கைக் கொடுத்தது நான்தானே...

ஆகஸ்ட் 16
கேட்டேவிட்டேன். “அவர்கூடப் பாட முடியாதா, வாழ முடியாதா? ரெண்டும் வேற வேறடி.” ஒரு காலத்தில் தோழியோடு கூட்டுக்கடை வைத்திருந்தவள் நான். சண்டை வந்தது. கடையைப் பிடித்துக்கொண்டேன், அவள் போனாள். அப்புறம் கடை மூன்று வைத்தேன். அவளைப் போல் ஒருத்தி அமையவில்லை. இதை மகளிடம் சொன்னேன். இதுவரை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார், கிடார் இல்லாமல். காலிக் கிடங்கில் இரண்டு மணி நேரம் பேச்சு. நான் ஒட்டுக்கேட்கவில்லை — சத்தியமாக. கதவு கனம்.

வெளியே வந்தார். “ஈரச் சுவர இடிச்சாச்சு அத்தை.” பெட்டியை அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். மகள் பின்னாலேயே, முறைத்தபடி. ஆனாலும் பின்னாலேயே.

டிசம்பர் 9
மகள் வேறு நால்வரோடு ஒரு சின்ன அரங்கில் பாடினாள். மாப்பிள்ளையைத் தேடினேன். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஆளின் தோளை உரசிக்கொண்டு நின்றிருந்தார்.
“அவ குரல இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.”
“சார், ஏற்கெனவே உச்சத்துல இருக்கு.”
“பரவால்ல. இன்னும் கொஞ்சம்.”